மூணு பிடிப் பாட்டு

குளோரின் வாடையோடு விடிந்து குளோரின் வாடையோடு இருட்டுகிற உப்பங்கரைக் காலனியில், எமல்டாவும் சம்மனசும் ரேடியோ குலாமும் சேர்ந்து, பாதிப் பேருக்குப் பிடிக்காத, மீதிப் பேருக்குப் புரியாத ஒரே ஒரு பாட்டை ஒரு நிமிடம் நாற்பது நொடியில் பாடி முடித்த மே தினத்திலிருந்து, அங்கே யாராலும் கிசுகிசுக்க முடியாமல் போயிற்று. கத்த முடிந்தது, சாதாரணமாகப் பேச முடிந்தது, சும்மா இருக்கவும் முடிந்தது. ஆனால் குரலைத் தாழ்த்தி ஒருவர் காதில் மட்டும் விழும்படி எதைச் சொன்னாலும், அது ரயில்வே கேட் வரைக்கும் கணீரென்று கேட்டது.

அது எண்பத்தைந்தாம் வருஷம். மெட்ராசுக்கு வடக்கே, உப்பளத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நூற்று நாற்பது வீடுகள். எல்லா வீட்டுக்கும் சோறு போட்டது ப்ளீச்சிங் பவுடர் செய்கிற அந்த ஒரே ஆலைதான். பவுடர் கம்பெனி என்பார்கள். மதில் சுவருக்குள் மூன்று வெள்ளை டாங்குகள் நின்றன. முந்தின டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த செய்தி பேப்பரில் வந்ததிலிருந்து, காலனிப் பெண்கள் காலையில் கதவைத் திறந்ததும் வானத்தைப் பார்க்காமல் அந்த டாங்குகளைப் பார்த்தார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முந்தானையை விட்டுப் பார்த்தார்கள், பிள்ளைகளின் தலைமாட்டில் ஈரத்துண்டு வைத்துப் படுத்தார்கள். ஆனால் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சொன்னவன் பெயர் சாயங்காலத்துக்குள் கம்பெனிக்குப் போய்விடும், மறுநாள் அவன் வருகைக் கார்டு கம்பெனி கேட்டில் இருக்காது. அதனால் இருமலைப் பற்றியும் வாடையைப் பற்றியும் கிணற்றடியில், வரிசையில், படுக்கையில் எல்லாமே கிசுகிசுப்பாகவே நடந்தது. உப்பங்கரைக் குழந்தைகள் பேசப் பழகுவதற்கு முன்னால் கிசுகிசுக்கப் பழகின.

எமல்டாவுக்கு இருபது வயது. பவுடரை மூட்டை கட்டுகிற பகுதியில் வேலை. அவள் தோழி சம்மனசுக்குப் பக்கத்துக் கொட்டகை: கட்டிதட்டிப்போன பவுடரை உதிர்ப்பதற்காக நாளெல்லாம் நீலப் பீப்பாய்களை மரச்சுத்தியால் அடிப்பதுதான் அவள் வேலை, அடிக்கிற சத்தத்தை வைத்தே எந்தப் பீப்பாயில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். குலாம் காலனி முனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். கப்பலில் சமையல்காரராக இருந்த அவன் மாமு, ஊருக்கு வந்தபோது லண்டனிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்து கடையில் போட்டார்.

"இன்னா மாமு, டேப்பு சிக்கிக்கிச்சா?" என்றான் குலாம்.

"சிக்கலைடா, பாட்டே அப்டித்தான். இதுக்குப் பேரு பங்க்."

"பெட்ரோல் பங்க்கா?" என்றாள் ரேடியோ வாங்கிப்போக வந்திருந்த சம்மனசு.

"இல்லம்மா. உருப்படாத பயலுன்னு அர்த்தம். மொதல்ல நியூயார்க்ல, ஒரு நாறிப்போன தெருவுல, நாறிப்போன ஒரு பார்ல ஆரம்பிச்சானுங்க. பெரிய பாட்டுக்காரனுங்க அரைமணி நேரம் கிடார்ல வித்தை காட்டுறானுங்களே, அது நமக்கு வேணாம், ரெண்டு நிமிஷம் போதும்னு. அப்புறம் லண்டனுக்கு வந்துச்சு. அங்க பசங்களுக்கு வேலை இல்ல, ஆலையெல்லாம் மூடிக்கினே போறான். சட்டை கிழிஞ்சா ஊக்குக் குத்திக்கினானுங்க, கடைசில ஊக்கே நகையாப் போச்சு. வாசிக்கத் தெரியணும்னு அவசியமே இல்ல. கிடார்ல மூணே மூணு பிடி, விரல் வெக்கத் தெரிஞ்சாப் போதும், மேடை ஏறிடலாம்."

"பாடத் தெரியலைன்னா?" என்று கேட்டாள் அவளோடு வந்திருந்த எமல்டா.

"கோவம் வருமா உனக்கு?"

அவளுக்கு வந்துகொண்டிருந்தது கோபமில்லை, பயம்; ஆனால் இரண்டும் தொண்டைக்குள் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன.

குலாம் உடைந்த கதவுப் பலகையை அறுத்து, சைக்கிள் பிரேக் கம்பியை முறுக்கேற்றிக் கட்டி, கிடார் மாதிரி ஒன்றைச் செய்தான். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து அதற்குச் சத்தம் கொடுத்தான். அந்தச் சத்தம் தகரத்தைக் கல்லில் தேய்த்தது போல இருந்தது. சம்மனசு இரண்டு காலிப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தாள். மே தினத்துக்குத் தொழிற்சங்கம் ஏற்பாடு செய்திருந்த மெல்லிசைக் குழுவின் வேன் லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டபோது, கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க யாராவது எதையாவது செய்யுங்களேன் என்று செயலாளர் மாசிலாமணி கெஞ்ச, மூன்று பேரும் மேடையேறினார்கள். எமல்டா மைக்கை விழுங்கப்போகிறவள் போலப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

வாயை மூடுன்னான், மூடினோம்.
சன்னல மூடுன்னான், மூடினோம்.
கண்ண மூடச் சொல்ல வர்றியா?
மூட மாட்டோம்! மூட மாட்டோம்! மூட மாட்டோம்!

அவ்வளவுதான் பாட்டு. அதையே மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட வேகமாக. முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. யாரோ ஒரு சோடா மூடியை எறிந்தார்கள். முன்வரிசையில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி, சிரித்த முகத்தோடு அவர் காதுப்பக்கம் சாய்ந்து சொன்னது பந்தல் முழுவதும் முழங்கியது: "சின்னப் பசங்க சார், மனசுல வெச்சுக்காதீங்க. வேலைக்காரங்க வாயு முகமூடி கேக்குறாங்களே, அதை இந்த வருஷமும் நான் தள்ளிப்போட்டுடுறேன்."

மைக் தூரத்தில் இருந்தது. அவர் உதடு அசைந்ததே பலருக்குத் தெரியவில்லை. தன் குரலைத் தானே கேட்ட மாசிலாமணி, மறுபடி மெதுவாக, "ஐயோ, யார் இப்டிக் கத்துறது?" என்றார்; அது உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

காலனி இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த அதிசயத்துக்கும் உப்பங்கரை ஒரு வாரத்துக்கு மேல் வாய் பிளந்ததில்லை. மாதா கோயிலில் காதோடு பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிற சாமியார் முதல் சனிக்கிழமையே நான்கு குடும்பங்களைப் பிரித்துவிட்டதால், கூட்ஸ் வண்டியின் இரைச்சல் மூடுகிற நேரம் பார்த்து அதற்கு மணி அடிக்க ஆரம்பித்தார். நீளமான வண்டி வந்தால் பெரிய பாவக்காரர்கள் முன்னால் போனார்கள். பள்ளிவாசலில் மனசுக்குள்ளேயே ஓதிக்கொண்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஜாடையில் பேசக் கற்றார்கள். பிள்ளையைத் தூங்கவைக்கிற தாய்மார்கள் முணுமுணுப்பதை விட்டுவிட்டு முதுகில் எழுத்து எழுதினார்கள். புறம் பேசுகிறவர்கள் வேறு வழியில்லாமல் நேரிலேயே பேசினார்கள். அதில் நடந்த அடிதடிகள் கொஞ்சமில்லை. ரகசியம் சொல்லியே ஆக வேண்டியவர்கள் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார்கள்.

அந்தக் காகிதங்கள்தான் பிறகு பத்திரிகையாயின. யார் வீட்டில் யாருக்கு இருமலில் ரத்தம் வருகிறது, எந்த ஷிஃப்டில் யார் மயங்கி விழுந்தார் என்று துண்டுத்துண்டாக எழுதி வந்ததை எல்லாம் சம்மனசு சேர்த்து, பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் மெஷினில் வாத்தியாரைத் தாஜா செய்து நூறு படி எடுத்தாள். தைக்க ஆளில்லாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊக்குக் குத்தினாள். எழுத்துப்பிழை நிறைய இருந்தது. மேலே பெரிதாக 'மூட மாட்டோம்' என்று எழுதியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் எமல்டாவின் வீட்டில் மட்டும் ஒரு நடுக்கம் புகுந்தது. அவள் அப்பா சவரியப்பன் டாங்குகளைப் பார்த்துக்கொள்கிற ஃபோர்மேன். மே தினத்து மறுநாளிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பாட்டை மெஷின் இரைச்சலுக்கு நடுவே கேன்டீனிலேயே முடித்துக்கொண்டார். எதிரே வந்த மகளைப் பார்த்தால், தெருவில் கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நைனா, என் மேல கோவமா? மேடை ஏறினதுக்கா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்பதற்கா, ஆமாம் என்பதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அம்மா ஜெபமாலை, "வுட்ரு, அவருக்கு என்னமோ ஒடம்பு சரியில்ல," என்றாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் மூடியிருந்தது. ஜெபமாலை நெத்திலிக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். சின்ன வயசிலிருந்தே சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி உதட்டுக்குள் ஜெபம் சொல்லிப் பழகிய மனிதர், பசியிலும் பழக்கத்திலும் கண்ணை மூடினார். நண்பகல் வெயிலில் நூற்று நாற்பது வீடும் சோற்றில் கை வைத்திருந்த நேரம், சவரியப்பனின் குரல் கூரைகளுக்கு மேலே எழுந்தது.

"ஆண்டவரே, மூணாம் நம்பர் டாங்க்கு வால்வு ஒழுகுது. எழுதிக் குடுத்தா கிழிச்சிப் போட்டுடுறாங்க. நல்லா இருக்குன்னு தெனம் கையெழுத்துப் போடுறேன். எம் பொண்டாட்டி புள்ளைங்கள மட்டுமாவது காப்பாத்து. ஆமென்."

கண்ணைத் திறந்தபோது மனைவியும் மகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் தட்டுகள் கீழே வைக்கிற சத்தம் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்தது. முதலில் வாசலுக்கு வந்தவள் எதிர்வீட்டுக் கன்னியம்மா. இடுப்பில் இரண்டு வயசுப் பையன், மூச்சு விசிலடிக்கிற பையன்.

"எத்தினி நாளா சவரிண்ணா?"

"ரெண்டு வருஷமா."

"இவன் வயசு," என்றாள் கன்னியம்மா. அவள் திட்டவில்லை. பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கம்பெனி கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவள் பின்னால் பக்கத்து வீடு, அதற்குப் பின்னால் அடுத்த வீடு. சாப்பிட்ட கையைக் கழுவாமலே எல்லாரும் போனார்கள்.

எமல்டா தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே யோசித்தாள். தான் பாடாமல் இருந்திருந்தால் இந்த ஜெபம் எப்போதும் போல அவர் நெஞ்சுக்குள்ளேயே போயிருக்கும், இந்தச் சோறு சாப்பிட்டு முடிந்திருக்கும். அப்புறம் ஒருநாள்? அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நைனா, நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்," என்றார் சவரியப்பன். சோற்றுக் கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்தார். "செருப்பு எங்க?"

கேட்டில் மேனேஜர் டாங்குகளின் தினசரிச் சோதனைப் பதிவேட்டோடு நின்றார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார்; எல்லாப் பக்கத்திலும் 'நன்று' என்று எழுதி அதன் கீழே ஒரே கையெழுத்து.

"இது யாரோட கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"ரெண்டு வருஷம் எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

சவரியப்பன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் அவரோடு கால்பந்து ஆடியவர்கள் இருந்தார்கள், அவர் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் பிடித்த பிள்ளைகள் இருந்தார்கள். "எழுதினதுதான் பொய்," என்றார்.

மேனேஜர் பக்கத்திலிருந்த இன்ஜினியரிடம் குனிந்தார். மேனேஜர் வெளியூர்க்காரர், மே தினத்துக்குப் பிறகு காலனிக்குள் வந்ததில்லை, அன்று கேட்டதை மைக்கின் கோளாறு என்றும் மற்றதை வேலைக்காரர்களின் கட்டுக்கதை என்றும் நினைத்திருந்தார். "மழைக்காலம் வரைக்கும் தாங்கும்னு நீதானேய்யா சொன்னே?" என்று இன்ஜினியரின் காதோடு அவர் கேட்டது, உப்பளத்து நாரைகளைக் கிளப்பிவிட்டது.

யாரும் கல்லெறியவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. எல்லாரும் அந்தக் கேட்டின் முன்னாலேயே உட்கார்ந்தார்கள். பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார்கள். குலாம் கிடாரைக் கொண்டுவந்தான். சம்மனசு பீப்பாய் அடித்தாள். எமல்டா அந்த நாலு வரியைத் தொண்டை கட்டுகிற வரைக்கும் பாடினாள், கட்டிய பிறகு கட்டிய தொண்டையோடு பாடினாள். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது கூடவே கத்தினார்கள். பன்னிரண்டாம் நாள் அரசாங்கத்து ஆய்வாளர் வந்து மூணாம் நம்பர் டாங்குக்குச் சீல் வைத்தார். வால்வு மாற்றப்பட்டது. முகமூடிகளும் வந்தன. வேலை போனது சவரியப்பனுக்கு மட்டும். பொய்க் கையெழுத்துப் போட்டதாக வழக்கும் அவர் மேல் மட்டும்.

டாங்கு மூடியிருந்த ஆறு வாரம் வேலையில்லாமல் இருந்தவர்களில் சிலர் அவர் வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தார்கள். உடைத்தவர்களே வாசலில் நின்று ஏன் உடைத்தோம் என்று உரக்கச் சொல்லிவிட்டும் போனார்கள், ஏனென்றால் இருட்டில் பேசிவைத்துக்கொண்டு செய்கிற வசதி அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

அதற்குள் பாட்டு ஊர் தாண்டிவிட்டது. கேட்டின் முன்னால் யாரோ டேப்ரிக்கார்டரில் பிடித்ததைப் படி எடுத்து, அந்தப் படியைப் படி எடுத்து, இரைச்சலுக்கு நடுவே எமல்டாவின் குரல் ஆணி கிறுக்கியது போலக் கேட்கிற கேசட்டுகள் ரயிலேறின. தோல் பதனிடுகிற ஊர் ஒன்றில் நாலு பேர் அதைக் கேட்டுவிட்டு இன்னும் வேகமாக, ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பாட்டுகள் கட்டினார்கள். அந்த ஊரிலும் கிசுகிசுப்பு செத்தது, ஆற்றில் தோல் கழிவு விடுகிறவன் பெயர் வெளியே வந்தது. பஞ்சாலைத் தெரு ஒன்றில் பெண்கள் மட்டும் சேர்ந்து பாடினார்கள். அங்கே சூப்பர்வைசர்கள் அவர்கள் காதில் உளறியது முழுவதும் வீதிக்கு வந்தது. மீனவர் குப்பத்தில் அதே மூணு பிடியை மெதுவாக, இழவு வீட்டுப் பாட்டு போல வாசித்தார்கள். இதெல்லாம் உண்மையான பாட்டே இல்லை, எங்களுடையதுதான் உண்மை என்று ஒவ்வொரு ஊர்க்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களுக்குத் துண்டுக் காகிதத்தில் எழுதினார்கள். கல்லூரி விடுதிகளில், நல்ல சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துக் கிழித்து வாங்கிக்கொண்டு, ஊக்கு மாட்டித் திரிந்தார்கள் சில பேர்.

ஐப்பசியில் மவுண்ட் ரோட்டிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். பாட்டைக் கொஞ்சம் நிதானப்படுத்தலாம், நடுவில் வயலின் சேர்க்கலாம், 'மூட மாட்டோம்' என்பதற்குப் பதிலாக 'வாட மாட்டோம்' என்று வைத்தால் காதல் பாட்டாகவும் ஆகும் என்றார்.

"ஒத்துக்கலாம் எமல்டா," என்றான் குலாம். அதை அவன் தனியாகச் சொல்ல நினைத்தான்; தெருவே கேட்டது.

"எங்க நைனா வேலை போனது வயலினுக்கா?"

"பத்து வருஷமா நான் அடுத்தவன் பாட்டு வர்ற ரேடியோவையே ரிப்பேர் பண்ணிக்கினு கீறேன். ஒரு தபா எம் பாட்டு அதுல வரணும்னு எனக்கு ஆசை இருக்காதா? அது தப்பா?"

எமல்டாவால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. காலனி இரண்டாகப் பிரிந்து அவர்களுக்காக ஒரு வாரம் சண்டை போட்டது. குலாம் மெட்ராசுக்குப் போனான். வேறு ஒரு பெண்ணின் இனிமையான குரலில் 'வாட மாட்டோம்' கேசட் வந்தது, எல்லா டீக்கடைகளிலும் ஓடியது.

உப்பங்கரை டீக்கடையிலும் அதைப் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது; கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அன்று மத்தியானம் கன்னியம்மா தூங்குகிற பையனின் காதில், "எஞ் சாமி," என்றாள். அது தெருவில் கேட்கவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை சொன்னாள். அவன் மட்டும் தூக்கத்தில் சிரித்தான். அவள் வெளியே ஓடிவந்து எல்லாரிடமும் சொல்ல, நூற்று நாற்பது வீடும் ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துச் சோதித்துப் பார்த்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு புருஷன் சொன்னது தனக்கு மட்டும் கேட்டதில் சில பெண்கள் அழுதார்கள். சாமியார் மணியடிப்பதை நிறுத்தினார். அந்தச் சந்தோஷத்தை எமல்டா வாசலில் நின்று பார்த்தாள். நியாயமான சந்தோஷம். ஆனால் தெருவின் சத்தம் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வந்தது. கிணற்றடியில் அவள் போனால் பேச்சு நின்றது. சம்மனசின் பத்திரிகைக்கு வருகிற துண்டுகள் இருபதானது, ஐந்தானது, ஒருநாள் ஒன்றுமே வரவில்லை.

மார்கழி முதல் வாரம், விடிந்து வெயில் ஏறிய நேரம், சவரியப்பன் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சி வாடை பார்த்தார். உள்ளே வந்தார். வெளியே போனார். காற்றைப் பார்த்தார். வேலையில்லாத மனிதர், வழக்கு நிலுவையில் இருக்கிற மனிதர். வாய்தா தேதி அடுத்த மாதம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் உதடுகள் அசைவதை எமல்டா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் அருகில் போய் உட்கார்ந்தாள், அப்போதும் கேட்கவில்லை.

"இன்னா நைனா?"

அவர் அவள் காதருகே சாய்ந்தார். இப்போது அது முடியும். "ஒண்ணாம் நம்பர் ஒழுகுற மாதிரி கீது," என்றார், அவளுக்கு மட்டும்.

எமல்டா பாடத்தான் வாய் திறந்தாள். பதினோரு நாள் கத்தியதில் பேச்சுக்கு மட்டும் மிஞ்சியிருந்த தொண்டை, பாட்டுக்குக் காற்றைத் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 

சவரியப்பன் மெதுவாக எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தெருவின் நடுவில் போய் நின்று, ஒரு தடவை இருமினார். பிறகு, அதிசயம் எதுவும் உதவிக்கு வராமல், வெறும் தன் நெஞ்சுக்கூட்டின் பலத்தில், "ஒண்ணாம் நம்பர் டாங்க்கு!" என்று கத்தினார். குரல் பாதியில் உடைந்தது. மறுபடி கத்தினார். இரண்டு சன்னல்கள் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. ஒரு நாய் குரைத்தது. அவர் மூன்றாவது தடவை கத்தினார், நான்காவது தடவை கத்தினார். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கன்னியம்மா பையனோடு படியில் வந்து நின்றாள்.

"கத்தாத சவரிண்ணா, கேக்குது," என்றாள். பிறகு, பையனை இறுக்கிக்கொண்டு காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "இல்ல, கத்து," என்றாள். "பின்தெருவுக்குக் கேக்கல."